எட்டாம் நம்பரில் யாரை வைப்பது? – செய்தி சேனல் ஆசிரியர்களுக்கு ஒரு குமுளிக் கேபிள்காரனின் திறந்த மடல்

தமிழிலும் மலையாளத்திலும் செய்தி சேனல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நமஸ்காரம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்களில் பாதிப் பேருக்கு அதுதான் பழக்கம்.

நான் குமுளியில் கேபிள் தொழில் செய்கிறவன். 1994-இல் மாடியில் ஒரு டிஷ்ஷை நட்டு, அறுபது வீட்டுக்கு ஒயர் இழுத்து ஆரம்பித்தேன். இப்போது பெரிய கம்பெனி ஒன்றின் சிக்னலை வாங்கி ஐந்நூறு சொச்சம் வீடுகளுக்குக் கொடுக்கும் சின்ன ஆபரேட்டர். உங்கள் முகத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் நான்தான். மழைக்கு லைன் போனால் உங்களுக்குப் பதிலாகத் திட்டு வாங்குகிறவனும் நான்தான்.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி. பஜார் முனையில் ஒரு கேட். இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. கம்பத்திலிருந்து மலையேறி வருகிற பஸ் கேட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடும். இறங்கி நாலு எட்டு நடந்தால் கோட்டயம் பஸ். என் வாடிக்கையாளர்களில் பாதி தமிழ் வீடு, பாதி மலையாள வீடு, கொஞ்சம் இரண்டும் கலந்த வீடு. திருச்சியில் ஒருவருக்கு ஒரு சேனல் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு தமிழ் சேனலுக்குப் போவார். இங்கே ஒரு பட்டனை அழுத்தினால் மாநிலமே மாறிவிடும். அதனால் உங்கள் இரண்டு கூட்டத்தையும் ஒரே சாயங்காலத்தில், ஒரே தெருவில், அடுத்தடுத்த ஜன்னலில் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டிய தலைவிதி எனக்கு. முப்பது வருஷம் இப்படி நடந்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்களுடையதற்கு வரலாம்.

செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முன்னால் எந்தச் சேனல் எந்த நம்பரில் வர வேண்டும் என்பது ஆபரேட்டர் கையில் இருந்தது. ஒரு சேனலுக்கு ஒரு மாடுலேட்டர். அதைத் திருகி எந்த இடத்தில் வைக்கிறேனோ அங்கே வரும். முன்வரிசைதான் தங்கம். பின்னால் போகப் போகப் புள்ளி விழும், பழைய பெட்டிகளில் எடுக்கவே எடுக்காது. 2008 வாக்கில் ஒரு கட்சிக்காரர் வந்தார். பெயர் வேண்டாம், கட்சியும் வேண்டாம். அவர்கள் சேனல் அறுபத்து மூன்றில் கிடந்தது. “எட்டுக்குக் கொண்டு வாங்கண்ணே” என்றார். ஏழில் எல்லோரும் சீரியல் பார்க்கும் சேனல், ஒன்பதில் பாட்டுச் சேனல். நடுவில் எட்டு. புது மாடுலேட்டர் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ‘மக்கள் விரும்பினால் பார்க்கட்டும், விரும்பாவிட்டால் தாண்டிப் போகட்டும்’ என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். நீங்கள் சொல்கிற அதே சமாதானம்தான்.

பஜாரில் ஒரு டீக்கடை. அந்தக் கடை டிவியின் ரிமோட்டுக்கு மூடி இல்லை, பேட்டரியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார்கள். டீ பிசுக்கு ஏறி நம்பர் பட்டன் எல்லாம் செத்துவிட்டன. மேலே போக ஒன்று, கீழே வர ஒன்று, அந்த இரண்டு பட்டன்தான் வேலை செய்யும். ஏழரை மணி சீரியல் முடிந்ததும் மாஸ்டர் பாட்டுக்குப் போக ஒரு அழுத்து அழுத்துவார், எட்டு வரும். அதற்குள் யாராவது “நாலு டீ” என்பார்கள். ரிமோட்டை வைத்துவிட்டு ஆற்றப் போய்விடுவார். அந்த நாலு டீ நேரம், பத்து டீ நேரம், சில நாள் கடை சாத்தும் வரை எட்டே ஓடும்.

ஆறு மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். அந்தச் சேனல் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது. அது பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரித்துவிட்டு வருகிற பெண்களுக்கு ஓட்டு தமிழ்நாட்டில் கிடையாது, அந்தத் தலைவரால் அவர்களுக்கு நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. அவர்களும் அதே பெயரைச் சொல்லித்தான் சிரித்தார்கள். இதில் யாரும் அந்தச் சேனலைத் தேடிப் போகவில்லை. ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போகிற வழியில் அது உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். உட்கார வைத்தவன் நான்.

பல வருஷம் கழித்து, கோட்டயத்தில் இதழியல் படித்த என் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “அப்பா, இதையே அமெரிக்காவில் ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள்” என்றாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. விஷயம் இதுதான்.

ஃபாக்ஸ் நியூஸ் 1996 அக்டோபரில் தொடங்கியது. வலதுசாரிச் சாய்வு உள்ள சேனல். அது ஒரே நாளில் நாடு முழுக்கப் போய்விடவில்லை. என்னைப் போன்ற கேபிள் கம்பெனிகள் ஊர் ஊராக அதைச் சேர்த்தன. ஓர் ஊரில் வந்தது, பக்கத்து ஊரில் வரவில்லை. 2000 தேர்தல் வந்தபோது வந்த ஊர், வராத ஊர் இரண்டையும் டெல்லாவிக்னா, காப்ளான் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒப்பிட்டார்கள். 2007-இல் முடிவு வெளிவந்தது. சேனல் வந்த ஊர்களில் குடியரசுக் கட்சிக்கு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி வரை ஓட்டு கூடியிருந்தது. இது என்ன பெரிய கணக்கு என்று தோன்றும். அந்த வருஷம் ஃபுளோரிடா மாநிலத்தில் 537 ஓட்டில் ஜனாதிபதி முடிவானார்.

அடுத்தது இன்னும் நெருக்கம். 2017-இல் மார்ட்டின், யுருகோக்லு என்ற இருவர் சேனல் நம்பரையே எடுத்து ஆராய்ந்தார்கள். எந்த ஊரில் ஃபாக்ஸுக்கு முன் நம்பர் கிடைத்ததோ அங்கே ஜனம் அதைக் கூடுதலாகப் பார்த்தது. கூடுதல் என்றால் மணிக்கணக்கில் இல்லை. வாரத்துக்கு இரண்டரை நிமிடம் கூடுதலாகப் பார்த்தாலே, பார்த்தவர்களிடம் குடியரசுக் கட்சிக்கு 0.3 சதவீதப் புள்ளி ஏறியது. இரண்டரை நிமிடம் என்றால் எங்கள் மாஸ்டர் நாலு டீ ஆற்றும் நேரம்.

‘ஜனங்கள் ஏற்கெனவே நினைப்பதைத்தான் நாங்கள் காட்டுகிறோம், அவர்களாகத்தான் தேடி வருகிறார்கள்’ என்று நீங்கள் மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். பாதி உண்மை. தேடி வருகிறவர் இருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வழியில் மாட்டிக்கொண்டவரையும் நீங்கள் மாற்றுகிறீர்கள். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பெஞ்சில் பார்த்துச் சொல்கிறேன்.

அரசியல்வாதிக்கு இது நம் எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். தெரியாவிட்டால் கட்சிக்கு ஒரு சேனல் எதற்கு? தமிழ்நாட்டில் 1999-இல் ஜெயா டிவி, 2006-இல் மக்கள் தொலைக்காட்சி, 2007-இல் கலைஞர் டிவி, 2010-இல் கேப்டன் டிவி. கேரளத்தில் 2000-இல் கைரளி, 2007-இல் ஜெய்ஹிந்த், 2015-இல் ஜனம். சேனல் நடத்தத் தெரிந்தவர்களுக்குக் கேபிளின் அருமையும் தெரியும். தமிழ்நாட்டில் 2011-இல் ஆட்சி மாறி அரசு கேபிள் மறுபடி கிளம்பியபோது முதலில் சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் அதில் இல்லை. ஆந்திராவில் 2019-இல் ஆட்சி மாறியதும் ஏபிஎன் ஆந்திர ஜோதியும் டிவி5-ம் கேபிளில் காணாமல் போயின. 2024-இல் ஆட்சி திரும்ப மாறியதும் சாக்ஷி, டிவி9, என்டிவி காணாமல் போயின. இரண்டு தடவையும் வழக்கு நடந்துதான் திரும்ப வந்தன. சித்தூர்ப் பக்கம் கேபிள் நடத்துகிற தமிழர் ஒருவர் எனக்குப் பழக்கம். “எலெக்‌ஷன் ரிசல்ட் வந்தா மந்திரி வீட்டுக்கு முன்னாடி எங்களுக்குத்தான் போன் வரும்” என்பார்.

கட்சிச் சேனல் என்று வெளிப்படையாக இருப்பவர்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. தோளில் துண்டு போட்டுக்கொண்டு வருகிறவர் என்ன பேசுவார் என்று தெரியும், அதற்கேற்ப உப்புப் போட்டுக்கொள்ளலாம். நெற்றியில் ‘நடுநிலை’ என்று பட்டை போட்டுக்கொண்டு, முதலாளிக்கு எந்தக் கட்சியில் என்ன பதவி என்று சொல்லாமல் வருகிறார்களே, அவர்கள்தான் சிக்கல். அரசியல் கட்சிகளையும் மத அமைப்புகளையும் சேனல் நடத்த விடக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்டிலும் பரிந்துரைத்தது, அதற்கு முன்பும் பரிந்துரைத்தது. அந்தக் காகிதம் டெல்லியில் எந்த அலமாரியில் இருக்கிறதோ.

சரி, ஊர்க்கதைக்கு வருகிறேன்.

கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு வயலுக்குத் தண்ணீர் தருகிற முல்லைப் பெரியாறு அணையை வைத்து இரண்டு பக்கமும் மோதிக்கொண்ட 2011 டிசம்பர் முதல் வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். நவம்பரில் இடுக்கியில் லேசாகப் பூமி அதிர்ந்தது. அணை உடைவதாக ஒரு சினிமா வந்து தமிழ்நாட்டில் தடையும் ஆனது. பத்து நாளில் எங்கள் கேட் மூடிக்கிடந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வருகிற கம்பம் பள்ளத்தாக்குப் பெண்கள் திரும்பிப் போக வண்டியில்லாமல் மலையிறங்கி நடந்தார்கள். கம்பத்தில் மலையாளிகளின் கடைகள் நொறுங்கின. சபரிமலைக்குப் போன சாமிமார்கூட அடி வாங்கினார்கள். காய்கறி லாரி கீழே நின்றது.

அன்றைக்குச் சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆம்ப்ளிஃபையர் செத்துவிட்டது. ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது லைன் போனால் என்னைத் தோலை உரித்துவிடுவார்கள். போஸ்ட்டில் ஏறினேன். மேலே இருந்து கேட்டின் இரண்டு பக்கமும் தெரிந்தது. கூட்டம் கூட்டமாக நின்றார்கள், பெரும்பாலும் சும்மாதான் நின்றார்கள். கேமராவின் லைட் எரிந்தால் கோஷம். லைட் அணைந்தால் உட்கார்ந்து பீடி. ஒரு பையன், பதினெட்டு வயசு இருக்கும், கல்லை எடுத்து வீசினான். போலீஸ் துரத்தி, அவன் கீழே விழுந்தபின்னும் லத்தியால் மூன்று அடி போட்டது. மொத்தம் இருபது விநாடி. இரண்டு மொழி கேமராவும் அங்கேதான் நின்றன.

இறங்கி வந்து சிக்னல் சரியாக வருகிறதா என்று இரண்டு வீட்டில் பார்த்தேன். முதல் வீடு எனக்கு அத்தை முறை ஆகிற ஒரு பெரியம்மா வீடு. அங்கே தமிழ் சேனலில் பையன் கீழே கிடக்கிறான், லத்தி விழுகிறது. கல் இல்லை. “பாருடா, நம்ம பிள்ளையை மாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறானுக” என்று அத்தை அழுதது. அடுத்த வீடு ஓய்வு பெற்ற மலையாள வாத்தியார் வீடு, நாங்கள் மாஷ் என்போம். அங்கே பையன் கல் வீசுகிறான். லத்தி இல்லை. “கண்டோ அண்ணாச்சி, நாங்கள் எப்படி இங்கே பேடியில்லாமல், பயமில்லாமல் இருப்பது?” என்று மாஷ் கேட்டார். நான் மொத்தத்தையும் பார்த்தவன். முதல் பாதியை ஒருவர் எடுத்துக்கொண்டார், இரண்டாம் பாதியை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். இரண்டிலும் பொய் கிடையாது. நடுவில் ஒரு கத்திரி மட்டும் போட்டிருந்தது. அத்தைக்கும் மாஷுக்கும் ஒரே சுவர். அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஓணத்துக்குப் பாயசமும் போகவில்லை, பொங்கலுக்குக் கரும்பும் வரவில்லை.

என் மகள் இன்னொன்றும் சொன்னாள். 1982-இல் பெய்ரூட்டில் நடந்த படுகொலையைப் பற்றிய செய்திகளை ஸ்டான்ஃபோர்டில் இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்களாம். ஒரே செய்தி. இரண்டு பேருமே ‘இது எங்களுக்கு எதிராக இருக்கிறது’ என்றார்களாம். 1985-இல் வந்த ஆய்வு. இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் அடக்கம் வந்தது. நீங்கள் ஒழுங்காகவே காட்டினாலும் நாங்கள் கோணலாகப் பார்ப்போம் என்றுதானே அர்த்தம்? ஏற்கிறேன். என் கண்ணும் கோணல்தான், மலையாள சேனலில் நல்ல செய்தி வந்தாலே எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஆனால் பார்க்கிறவன் கண் கோணல் என்று தெரிந்தபிறகு, காட்டுகிறவனும் கண்ணாடியை வளைத்துக் கொடுக்கலாமா?

இப்போது 136 என்ற நம்பரைப் பாருங்கள். 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி அணை உடைந்தது, இங்கே பயம் வந்தது, அந்த வருஷமே முல்லைப் பெரியாறு நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது, கேரளம் ஒரு சட்டம் போட்டுத் தடுத்தது, 2014 மே 7-இல் அந்தச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த வரலாறு எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஒவ்வொரு மழைக்கும் நீர்மட்டம் 136-ஐத் தொடும். தமிழ் சேனலின் கீழ்ப்பட்டையில் ‘136 அடியை எட்டியது, ஐந்து மாவட்ட விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று ஓடும், பின்னால் நாதஸ்வரம் இல்லாத குறைதான். மலையாள சேனலில் அதே 136-க்குச் சிவப்புப் பட்டை, ‘ஆசங்கை’ (கவலை என்று அர்த்தம்), சைரன் சத்தம், அணை உடைந்தால் எர்ணாகுளத்துக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் போகும் என்று கம்ப்யூட்டர் படம். ஒரு நம்பர்தான். ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் எழவு.

இதில் மகிழ்ச்சியும் பொய் இல்லை, பயமும் பொய் இல்லை. அதைச் சொல்ல என் அக்கா வீட்டுக் கதைதான் வேண்டும்.

என் அக்காவைக் கூடலூரில் கட்டிக்கொடுத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைகிற 14,707 ஏக்கரில் ஒரு ஏக்கர் அவளுடையது. ஜூன் மாதம் தண்ணீர் திறக்கவில்லை என்றால் நாற்று இல்லை, நாற்று இல்லை என்றால் நகை அடகுக் கடைக்குப் போகும். அக்காவின் மகளை வண்டிப்பெரியாற்றில் கட்டிக்கொடுத்தது. மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, ஆற்றோரம் வீடு. அணையிலிருந்து தண்ணீர் இந்தப் பக்கம் திறந்தால் வள்ளக்கடவு, அடுத்து வண்டிப்பெரியாறு. முதலில் நனைகிற வாசல்களில் ஏராளம் தமிழ் வாசல். தோட்ட வேலைக்கு இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். அம்மா வயல் அணைக்கு அந்தப் பக்கம், மகள் வீடு அணைக்கு இந்தப் பக்கம். முல்லைப் பெரியாறு என்றால் எங்கள் வீட்டுக்கு இதுதான் அர்த்தம். உங்கள் விவாத மேடையில் இவர்கள் இருவரில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

2021 டிசம்பரில் ராத்திரியில் மதகைத் திறந்தார்கள். நள்ளிரவு தாண்டி மருமகள் போன் செய்தது. “மாமா, தண்ணி வாசல்ல நிக்குது, அரிசி மூட்டையைக் கட்டில்மேல தூக்கி வச்சிட்டோம், பிள்ளைகளை எங்க கொண்டு போறதுன்னு தெரியல.” போனில் ஆற்றுச் சத்தம் கேட்டது. காலையில் தமிழ் சேனல்களை வரிசையாகத் திருப்பினேன். 142 அடி நிலைநிறுத்தப்பட்டது என்ற செய்தி இருந்தது. தண்ணீர் புகுந்த தமிழ் வீடு நான் பார்த்தவரை எதிலும் இல்லை. காட்டியிருந்தால் ‘நம் அணை பத்திரம், நம் உரிமை’ என்ற பாட்டுக்குத் தாளம் தப்பியிருக்கும். மலையாள சேனல் ஒன்று அவள் தெருவுக்கே போனது. மைக்கை நீட்டினார்கள், தமிழில் பேச ஆரம்பித்தாள், மைக் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. முல்லைப் பெரியாற்றுக்குப் பயப்படுகிற ஒருத்தி தமிழச்சியாக இருந்தால் அவர்கள் கதைக்கும் தாளம் தப்பும். இரண்டு மாநிலச் சேனலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

பொய் சொல்வதைவிட இந்த விட்டுவிடுவதுதான் பெரிய வேலை செய்கிறது. இதற்கும் ஒரு சோதனை உண்டு. 2020 செப்டம்பரில் புரூக்மேன், கல்லா என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஃபாக்ஸ் பார்க்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து ஒரு மாதம் எதிர்முகாம் என்று அவர்கள் நினைக்கிற சிஎன்என் பார்க்க வைத்தார்கள். கொள்கையில் தலைகீழாக மாறிவிடவில்லை. ஆனால் இதுவரை தங்கள் காதுக்கு வராத விஷயங்கள் தெரிந்தன, தங்கள் சேனல் சிலதை மறைக்கிறது என்ற எண்ணம் சிலருக்கு வந்தது. காசு நின்றது, பழைய சேனலுக்கே திரும்பினார்கள், வந்த மாற்றமும் பெரும்பாலும் கரைந்துவிட்டது. எனக்கு இதில் பிடித்தது அந்த முதல் பாதி. மனுஷன் பிடிவாதக்காரன்தான், ஆனால் மூடிவைத்ததைத் திறந்து காட்டினால் பார்க்கிறான்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்றும் சொல்கிறேன். 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. அடுத்த வாரமே திரும்ப முல்லைப் பெரியாறு. நான் கேபிள் போடாத யூடியூப்காரர்களும் இந்தத் தடவை சேர்ந்துகொண்டார்கள். மருமகள் வீட்டில் அணை உடைகிற கம்ப்யூட்டர் படம் ஓடிக்கொண்டே இருந்தது, சின்னவன் ராத்திரி எழுந்து அழ ஆரம்பித்தான். அக்கா வீட்டில் ‘இது மலையாளிகள் சதி’ என்று மூன்று பேர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு அம்மாவும் மகளும் பேசுவது வழக்கம். அன்றைக்கு மகள், “அந்த அணையை இடிச்சுப் புதுசு கட்டினாத்தான் என்னம்மா” என்றிருக்கிறாள். அக்கா, “உங்க ஊர் டிவிக்காரன் புளுகுறதை எங்கிட்டச் சொல்லாத” என்றிருக்கிறாள். “உனக்கு என் பிள்ளையைவிட ஒரு ஏக்கர் வயல் பெருசாப் போச்சா?” என்று மகள் கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் இருபது நாள் போன் இல்லை. நடுவில் நான்தான் இரண்டு பக்கமும் சாப்பாடு கேட்டேன்.

பெற்ற தாயும் மகளும் ‘உங்க ஊர்’ என்று பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்கு என் ஒயர் வழியாக வந்தது என்று எனக்குத் தெரியும்.

உங்களை ரொம்பப் பெரிதாக்கவும் விரும்பவில்லை. ஒரு நாள் என் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து புகார் நோட்டைப் பாருங்கள். செய்தி சேனல் வரவில்லை என்று முப்பது வருஷத்தில் வந்த போன்களை விரல்விட்டு எண்ணலாம். சீரியல் நேரத்தில் ஐந்து நிமிடம் கரண்ட் போனால் நூறு போன். கிரிக்கெட் என்றால் கல் வரும். பெரும்பாலான ஜனம் உங்களைப் பார்ப்பதே இல்லை. ஆனால் பார்க்கிற அந்தக் கொஞ்சப் பேர்தான் டீக்கடையில் சத்தமாகப் பேசுகிறவர்கள், பஸ் மறிப்புக்கு முதலில் போய் நிற்கிறவர்கள், வாட்ஸ்ஆப்பில் உங்கள் துண்டு வீடியோவை வெட்டிப் போடுகிறவர்கள். சீரியல் பார்த்த பெண்ணுக்கு உங்கள் செய்தி அடுத்த நாள் காலையில் இவர்கள் வாய் வழியாகப் போய்ச் சேரும். அதற்குள் அதில் இருந்த கொஞ்சநஞ்ச ‘இருக்கலாம்’, ‘கூறப்படுகிறது’ எல்லாம் உதிர்ந்திருக்கும்.

புகார் கொடுக்க வழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2021 ஜூனில் கேபிள் விதிகளைத் திருத்தி, முதலில் சேனலுக்கு எழுது, பதினைந்து நாளில் பதில் வரும், வராவிட்டால் அடுத்த படி, அதற்கும் மேல் டெல்லி என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். ஒரு சேனல் பழைய வெள்ளப் படத்தை அன்றைய வெள்ளம் என்று போட்டதற்கு மகளை வைத்து எழுதிப் போட்டேன். ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று வந்தது. கருத்து இல்லை ஐயா, அது எங்கள் தெருவின் படம். அந்தப் படத்தில் தெரிகிற போஸ்ட்டில் தொங்குவது என் ஒயர். அந்த ஒயரை 2018 வெள்ளத்துக்கு அப்புறம் மாற்றிவிட்டேன்.

உங்களிடம் நடுநிலை கேட்டு இதை எழுதவில்லை. நடுநிலை என்றால் என்ன என்று எனக்கே தெரியாது. சில்லறைக் காரியங்கள்தான் கேட்கிறேன். பழைய படத்தைப் போட்டால் திரையில் தேதியைப் போடுங்கள், மூலையில் எறும்பு எழுத்தில் வேண்டாம். நீர்மட்டம் சொல்லும்போது மகிழ்ச்சி, ஆசங்கை இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, எத்தனை அடி, எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லுங்கள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று எங்களுக்கே தெரியும். உங்கள் முதலாளி எந்தக் கட்சியில் இருக்கிறார் என்று விவாதம் தொடங்கும் முன்னால் ஒரு வரி ஓடட்டும். தப்பாகச் சொன்னதை எந்த நேரத்தில் சொன்னீர்களோ அதே நேரத்தில் திருத்துங்கள். ராத்திரி ஒன்பதுக்கு ஊரைக் கொளுத்திவிட்டு, அதிகாலை ஐந்து மணி ராசிபலனுக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பதை இனிமேலாவது விடுங்கள்.

அப்புறம் ஒன்று. அடுத்த மழைக்கு விவாதம் வைக்கும்போது சென்னையிலிருந்து ஒருவர், திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் என்று சேவல் கட்டாதீர்கள். வண்டிப்பெரியாற்றுக்கு ஒரு வண்டி அனுப்புங்கள், கூடலூருக்கு ஒரு வண்டி அனுப்புங்கள். தமிழ் சேனல் மருமகளிடம் பேசட்டும், மலையாள சேனல் அக்காவிடம் பேசட்டும். அக்காவுக்கு மலையாளம் நன்றாகவே வரும், அப்பா குமுளியில் சுமை தூக்கிய காலத்தில் இங்கே வளர்ந்தவள்தான். உங்கள் ரேட்டிங்குக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. அக்கா சண்டை போடுவாள் என்பதற்கு மட்டும் தருகிறேன்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்துவிட்டேன். நம்பர் இப்போது கம்பெனி கையில் இருக்கிறது, மாற்ற முடியாது. ஆனால் புது பாக்ஸ் மாட்டும் வீட்டில் ‘பிடித்த சேனல்’ பட்டியலை நான்தான் போட்டுக் கொடுக்கிறேன். அதில் ஒரு தமிழ்ச் செய்தி, அடுத்து ஒரு மலையாளச் செய்தி என்று மாற்றி மாற்றி வைக்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். மாஷ் திட்டவில்லை. அவருக்குத் தமிழ்ச் செய்தியில் உச்சரிப்புப் பிழை கண்டுபிடிக்கும் புதுப் பொழுதுபோக்கு கிடைத்திருக்கிறது.

மீதியை அடுத்த மடலில் எழுதலாம் என்று பார்க்கிறேன். கூடலூரிலிருந்து இப்போதுதான் போன். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம், செய்தி சேனலில் மாட்டிக்கொண்டு இரண்டு நாளாக அதுவே கத்திக்கொண்டிருக்கிறதாம். “ரெண்டு பென்சில் பேட்டரி வாங்கிட்டு வாடா தம்பி, கடைசி பஸ்சுக்குள்ள வா” என்கிறாள்.

இப்படிக்கு,
குமுளிக் கேபிள்காரன்